சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஓவியக் கண்காட்சி வைப்பது குறித்து

கேள்வி: மன்னை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகள் புவியியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வகுப்பறைக்கு வரைபடம் தீட்டுவதற்காகப் பிடித்த தூரிகை ஓய்வுக்குப் பிறகும் கையை விட்டுப் போகாமல் நீர்வண்ண ஓவியமாக மாறிவிட்டது. எங்கள் மன்னார்குடியின் ஹரித்ரா நதிக் குளத்தையும் அதன் படித்துறைகளையும் நான்கு ஆண்டுகளாக வரைந்து வருகிறேன். என்னைப் போலவே வரையும் தோழியர் நால்வர் இருக்கிறார்கள். எங்களில் எவரும் கவின்கலைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர்.

சென்ற மாதம் மகளுடன் சென்னை ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போயிருந்தேன். அருங்காட்சியகத்தை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் பாதிப் படங்கள் எனக்குப் பிடிபடவில்லை. யாரிடம் கேட்பது என்றும் விளங்கவில்லை. ஆனால் அதே வளாகத்தில் வாடகைக்கு விடும் சிறிய கூடமொன்றில் சில இளைஞர்கள் ஏணி போட்டுத் தங்கள் படங்களை மாட்டிக்கொண்டிருந்ததைக் கண்டபோது, நாமும் இப்படிச் செய்தால் என்ன என்ற ஆசை வந்துவிட்டது. அடுத்த முறை போகும்போது அந்த இடத்தை எப்படிப் பார்க்க வேண்டும், முறையான பயிற்சி இல்லாத நாங்கள் அங்கே கண்காட்சி வைக்க நினைப்பது அதிகப்பிரசங்கித்தனமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஈஞ்சம்பாக்கத்துக்காரன்

அம்மா, அந்த இடம் உருவான விதத்தைத் தெரிந்துகொண்டு போனால் நீங்கள் பார்க்கும் விதம் தானாகவே மாறும். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களுமாக ஏறக்குறைய 40 பேர் சேர்ந்து 1966இல் அதைத் தொடங்கினார்கள். படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. ஆகவே மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் கடற்கரையோரம் மணல் காட்டை வாங்கி, தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அரசோ, செல்வந்தர் எவரோ கொடுத்த கொடையாக அல்லாமல், பகலில் பத்திக் சாயம் தோய்த்த கைகள் மிச்ச நேரத்தில் படம் வரைந்து வளர்த்த இடம் அது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், உங்களைப் போன்றவர்கள் அங்கே அந்நியர்கள் அல்லர் என்பது புரியும்.

அருங்காட்சியகம் 2009இல்தான் திறக்கப்பட்டது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டு, மூன்று படங்கள் போதும். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படம் ஒன்றின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். எழுத்துப் போலவே இருக்கும், ஆனால் எந்த மொழியிலும் படிக்க முடியாது. நடுவே ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்களும் கணக்குக் குறிகளும் வரும். கண் தன்னையறியாமல் அதைப் படிக்க முயலும், முடியாமல் திரும்பும், மறுபடி முயலும். பிடிபடவில்லை என்று நீங்கள் வருந்திய அனுபவத்தைத்தான் அவர் திட்டமிட்டு வரைந்திருக்கிறார் என்பது என் எண்ணம். 1973இல் இளம் வயதிலேயே மறைந்த சோழமண்டல ஓவியர் கே. ராமானுஜத்தின் மைக்கோட்டுக் கனவுலகத்துக்கு எந்த விளக்கமும் தேவையில்லை. அருகில் போய்க் கோடுகளை மட்டும் பின்தொடருங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உள்ளே இருக்கும் வீடுகள் கலைஞர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் குடியிருக்கும் வீடுகள். அழைக்காமல் கதவைத் தட்டக் கூடாது. தோட்டத்துச் சிற்பங்களை மாலை வெயில் சாயும் நேரத்தில் பார்ப்பது நல்லது. நண்பகலில் கல்லும் கொதிக்கும், தலையும் கொதிக்கும்.

பதில் 2: கரித்துண்டு

நானும் கல்லூரியில் பயிலாதவன்தான். வெவ்வேறு வாடகைக் கூடங்களில் இரண்டு முறை குழுக் கண்காட்சியில் பங்கேற்றிருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனம் என்று எவரும் சொல்லவில்லை. சோழமண்டலத்தில் இண்டிகோ, லேபர்னம் என்று இரண்டு கூடங்கள் உண்டு. வாடகை, காலியாக உள்ள தேதி, விற்பனையில் பங்கு கேட்பார்களா, விளக்குக்கும் காவலுக்கும் யார் பொறுப்பு என்பவற்றை அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல மாதங்களுக்கு முன்பே கேட்பது நல்லது. குளிர்காலத்துத் தேதிகளுக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள்.

நீர்வண்ணம் என்பதால் ஒரு பெரிய எச்சரிக்கை. என் முதல் கண்காட்சிக்குப் பிரேம் போட்டுக் கொடுத்த கடையில் தாள்களின் முதுகு முழுவதும் பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டார்கள். கடற்காற்றின் ஈரம் பட்ட மூன்றாம் நாளே தாள் குமிழ் குமிழாக எழும்பியது; ஓராண்டுக்குள் பழுப்புப் புள்ளிகளும் வந்துவிட்டன. தாளின் மேல் விளிம்பை மட்டும் அமிலமற்ற நாடாவால் பிடித்துத் தொங்கவிட வேண்டும். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வரும் நடுவெட்டிய தடித்த அட்டை, இருக்க வேண்டும். தாள் கண்ணாடியைத் தொட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மன்னார்குடியிலிருந்து கொண்டு வருவதானால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போடுங்கள். கீறல் விழலாம், ஆனால் உடையாது.

மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் வரட்டும். பெரிய படம், சிறிய படம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மட்டம்தான். மேல் விளிம்பை ஒரே கோட்டில் வைத்தால் பள்ளி விழாச் சுவர் போல ஆகிவிடும். ஐந்து பேரும் தலைக்கு ஐந்து படத்துக்கு மேல் கொண்டு வராதீர்கள். எதை விடுவது என்று அவரவரே தீர்மானித்தால் சண்டைதான் மிஞ்சும். ஒருவர் படத்தை மற்ற நால்வரும் தேர்ந்தெடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஒரு நட்பு இந்த விஷயத்தில்தான் முறிந்தது.

கண்காட்சி நாள்களில் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் உண்மையான உழைப்பு. ஒரு பிற்பகல் முழுவதும் ஒருவரும் வர மாட்டார். நான்கரை மணிக்கு மழைக்கு ஒதுங்கும் குடும்பம் ஒன்று வந்து, அந்தச் சிறுவன் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பான். வருகிறவர்களின் பின்னாலேயே நடந்து விளக்கம் சொல்லாதீர்கள். விலையைப் பட்டியலாக அச்சிட்டு வையுங்கள். வாயால் சொல்லும்போது நமக்கே கூச்சம் வந்து பாதியாகக் குறைத்துவிடுகிறோம்.

பதில் 3: தஞ்சைத் தூரிகை

மேலே சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. இருந்தாலும் எனக்கு வேறு கருத்து உண்டு. ஹரித்ரா நதியை வரைந்த படங்களை அந்தக் குளத்தில் கால் நனைத்தவர்கள் அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? சென்னையில் கூடத்தின் வாடகை, வண்டிக் கூலி, தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் விற்பனையில் திரும்பி வரும் என்று நம்புவதற்கில்லை. உங்கள் பள்ளி மண்டபத்திலோ நூலகத்திலோ மூன்று நாள் வைத்துப் பாருங்கள். எந்தப் படத்தின் முன் மக்கள் நிற்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். அதை வைத்துச் சென்னைக்குத் தேர்ந்தெடுக்கலாம்.

பதில் 2இன் தொடர்ச்சி: கரித்துண்டு

அதை மறுக்க மாட்டேன். ஆனால் சொந்த ஊரில் எல்லோரும் ‘நம்ம டீச்சர் வரைந்தது’ என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் படத்தின் முன் நின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்வதைப் பார்ப்பது கடினமானது, ஆனால் அதில் கற்றுக்கொண்ட அளவுக்குப் பாராட்டில் நான் கற்றுக்கொண்டதில்லை.

மன்னை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னொரு ஐயம். ஒரு படத்தை ஒருவர் வாங்கிய பிறகு அதை நாள்காட்டியில் அச்சிட்டுக்கொள்ள அவருக்கு உரிமை உண்டா? உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் இப்போதே அப்படிக் கேட்கிறார்.

பதில் 4: வழக்குரைஞர், அண்ணா நகர்

இல்லை அம்மா. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை விற்பதும் பதிப்புரிமையை விற்பதும் வெவ்வேறு செயல்கள். நீங்கள் எழுத்து மூலம் கையொப்பமிட்டு உரிமை மாற்றித் தராத வரையில் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். உங்கள் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது உங்கள் வாரிசுகளுக்கு உரியது. கடைக்காரர் பணம் கொடுத்து, இன்னதை வரைந்து தாருங்கள் என்று கேட்டு வரைய வைத்தால் நிலைமை மாறும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அப்போது முதல் உரிமையாளர் அவரே. எனவே நாள்காட்டிக்கு எத்தனை படிகள், எந்த ஆண்டுக்கு, எவ்வளவு தொகை என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு, அச்சிடும் அனுமதியை மட்டும் கொடுங்கள்.

மன்னை ஆசிரியை

தோழியருடன் கலந்து பேசினேன். பொங்கல் விடுமுறையில் பள்ளி மண்டபத்தில் மூன்று நாள் வைப்பது, அதன் பிறகு ஈஞ்சம்பாக்கத்துக்கு நேரில் போய்த் தேதி கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. நால்வர் தேர்ந்தெடுக்கும் விதிக்கு ஒருவர் மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. கரித்துண்டு அவர்கள் சொன்னதைப் படித்த அன்று மாலையே என் கூடத்தில் மாட்டியிருந்த படித்துறைப் படத்தின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முதுகு முழுவதும் பசை. மற்ற பதினொரு பிரேம்களை நாளைக்குத் திறக்கப் போகிறேன்.