ஃபிட்ஸ்ராய்: உயிர்காத்த தளபதியா, ஆள் பிடித்தவரா?

கடலோடி: டார்வினைக் கொண்டாடுகிறோம். அவரை 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகம் சுற்றிக் காட்டிய தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராயை யார் நினைக்கிறார்கள்? 1859 அக்டோபரில் வேல்ஸ் கரையோரம் 'ராயல் சார்ட்டர்' கப்பல் புயலில் உடைந்து 400 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன்பின் அவர், துறைமுகங்களிலிருந்து காற்றழுத்த அளவுகளைத் தந்தியில் வரவழைத்து, 1861இல் புயல் எச்சரிக்கையைத் தொடங்கினார். நம் துறைமுகங்களில் கூண்டு ஏற்றுகிறார்களே, அதைப் போலக் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றச் செய்தார். எத்தனை மீனவர் குடும்பங்கள் அதனால் பிழைத்திருக்கும்!

மணல்மேடு: 1830இல் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? தென் அமெரிக்காவின் தென்கோடியான டியெரா டெல் ஃபுவேகோவில் ஒரு படகு களவு போனது. அதற்காகப் பிணை என்று தொல்குடியினரைப் பிடித்தார். கடைசியில் நான்கு பேரை இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். ஒருவர் அங்கே பெரியம்மையில் இறந்தார். நால்வரில் ஒருவன் சிறுவன். ஒரு பொத்தானைக் கொடுத்து அவனை வாங்கியதாகக் கதை. அதையே பெயராகவும் சூட்டினார்கள்: ஜெமி பட்டன்.

கடலோடி: பிடித்தது தவறு, மறுக்கவில்லை. ஆனால் மற்ற மூவரையும் ஊர் சேர்க்கச் சொந்தப் பணத்தில் கப்பல் அமர்த்தவும் துணிந்தவர் அவர். நியூசிலாந்தையும் பாருங்கள். 1843இல் அங்கத்துத் தொல்குடியினரான மாவோரிகளோடு வைராவ் என்ற இடத்தில் நடந்த மோதலில் வெள்ளைக் குடியேறிகள் 22 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு ஆளுநராக விசாரித்து, குற்றம் குடியேறிகள் மீதுதான் என்று சொன்னார். மாவோரிகளுக்காக அப்படிச் சொல்ல அன்று எத்தனை பேருக்குத் துணிவு இருந்தது? குடியேறிகளின் பகை வளர்ந்தது. 1845இல் பதவியே போயிற்று.

தென்றல்: இருவரும் அவருடைய முடிவைத் தொடவில்லையே. கணிப்பு தவறியபோதெல்லாம் அவரை ஏளனம் செய்தார்கள். கடனும் மனச்சோர்வும் சேர, 1865இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு எச்சரிக்கையையும் நிறுத்தினார்கள். கடலோர மக்கள் விடவில்லை. 1867இல் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவர் வேலையின் அருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மணல்மேடு: எச்சரிக்கைப் பணியை நானும் மதிக்கிறேன். ஆனால் "ஊர் சேர்த்தார்" என்று எளிதாகக் கடந்துபோகாதீர்கள், கடலோடி. 1834இல் பீகிள் மீண்டும் அங்கே போனபோது ஜெமி மெலிந்து, சடை பிடித்த தலையோடு படகில் வந்தான். இங்கிலாந்துக்கு வர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டான். 2002இல் ஒரு கடற்பகுதிக்கே ஃபிட்ஸ்ராய் பெயரை வைத்தார்கள். அந்தச் சிறுவனைப் பற்றி எழுதும்போது அவனுடைய சொந்தப் பெயரையும் எழுதுங்கள்: ஒருண்டெல்லிக்கோ.