புதுப்பிப்பு: தினமும் முட்டை, மீன்பிடித் தடைக்காலத்திலும்

மாவுச்சத்தைக் குறைத்த உணவில் தினமும் முட்டை சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொழுப்பு ஏறிவிடும் என்று பலர் எச்சரித்தீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது: டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு குறைந்திருக்கிறது, ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் ஏறவில்லை.

மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. எங்கள் கடலோர ஊரான மண்டபத்தில் நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை கையைக் கடிக்கிறது. ஆகவே காலையில் இட்லிக்குப் பதில் முருங்கைக்கீரை போட்ட முட்டைப் பொடிமாஸ். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். மாவுச்சத்து 1 கிராமுக்கும் குறைவு. மதியம் வரை பசி எட்டிப்பார்ப்பதில்லை.

மஞ்சள் கருவை ஒதுக்கச் சொன்ன அண்ணன்மாரே, கோலின் என்ற சத்தும் வைட்டமின் டியும் அதில்தான் இருக்கின்றன! ஆனால் எல்லார் உடம்பும் ஒன்றல்ல. சர்க்கரை நோய் உள்ள என் அக்கா மருத்துவரைக் கேட்டே சாப்பிடுகிறார், நீங்களும் கேளுங்கள். தடை முடிந்து சாளை மீன் வந்தாலும் முட்டையை விடமாட்டேன்.