காசு கொடுத்து வாங்கினார்களா, இல்லையா?

சுருதிபேதம்:
நம் ஆடியோ மன்றத்தின் ஸ்பீக்கர் இழையில் 'பழைய வால்வு' என்ற உறுப்பினர் நேற்று எழுதியது இது: "பத்திரிகை விமர்சனம் பார்த்து ஆடியோ கருவி வாங்கினால் ஏமாற மாட்டீர்கள். விளம்பரப் பிரிவு வேறு, ஆசிரியர் குழு வேறு." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. புதிதாக வருபவர்கள் இதை நம்பித்தானே பணத்தைத் தொலைக்கிறார்கள்?

எந்த ஆம்ப்ளிஃபயர் விமர்சனத்தையும் எடுத்துப் பாருங்கள். "இணக்கமான ஸ்பீக்கரோடு சேர்த்தால் அருமை" என்று இருக்கும். அதிக மின்னோட்டம் இழுக்கும் 4 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் திணறும் என்று அர்த்தம். "எவ்வளவு நேரம் கேட்டாலும் காது களைக்காது" என்றால் மேல் ஸ்தாயி மங்கல். "சிறிய அறைக்கு ஏற்றது" என்றால் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, இல்லை. இதையெல்லாம் நேராக எழுத என்ன தடை? நாலு பக்கம் தள்ளி அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் இருக்கிறது, அதுதான் தடை.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். விமர்சனம் செய்த கருவியைப் பத்திரிகைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கினார்களா, இல்லையா?

பழைய வால்வு:
நான் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறீர்கள். "அளவீட்டோடு வரும் விமர்சனம்" என்றுதான் எழுதினேன். அமெரிக்க ஆடியோ பத்திரிகையான ஸ்டீரியோஃபைல் 80களின் கடைசியிலிருந்தே விமர்சனத்தோடு அளவீடுகளையும் போடுகிறது. விமர்சகர் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்திருப்பார். அடுத்த பக்கத்தில் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) கோடு எகிறி நிற்கும். அதை அச்சடித்தது யார்? விளம்பரம் வாங்கும் அதே பத்திரிகைதான். வரைபடம் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரிகையைத் திட்டி என்ன பயன்?

சுருதிபேதம்:
வரைபடம் எனக்கு நன்றாகவே படிக்க வரும். கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரவில்லை. காசு கொடுத்து வாங்கினார்களா?

கம்பெனி அனுப்பும் கருவி, பொறுக்கி எடுத்துச் சரிபார்த்து அனுப்பியதாக இருக்கலாம். கடையில் நமக்குக் கிடைப்பது அதுதானா என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்க நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936லிருந்து வருகிறது. வெளி விளம்பரம் கிடையாது. எல்லோரையும் போலக் கடையில் வாங்கித்தான் சோதிக்கிறார்கள். அவர்களால் முடிகிறதே!

ஒலிப்பெட்டி:
கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸை இழுத்தது நல்லதாய்ப் போயிற்று. 1970ல் போஸ் 901 ஸ்பீக்கரைச் சோதித்தவர்கள் அவர்கள்தான். அந்த ஸ்பீக்கரில் ஒன்பது டிரைவர், அதாவது ஒலி எழுப்பும் கூம்பு. எட்டு பின்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும், ஒன்றுதான் முன்னால். ஒலி சுவரில் பட்டுத் தெறித்து வரும். வாத்தியங்கள் அறையில் அங்குமிங்கும் அலைவதுபோல் கேட்கிறது என்று எழுதிவிட்டார்கள். போஸ் வழக்குப் போட்டது. சோதித்த பொறியாளர் சாட்சிக் கூண்டில் ஏறி, சுவரை ஒட்டி நகர்வதைத்தான் சொன்னோம் என்றார். எழுதியது பொய் என்றது விசாரணை நீதிமன்றம். காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள், விளம்பரமும் இல்லை. அப்படியிருந்தும் இந்தக் கதி.

சுருதிபேதம்:
கதையைப் பாதியில் நிறுத்தினால் எப்படி? 1984ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது பத்திரிகைதான். விமர்சனம் வந்து 14 வருஷம் கழித்து! விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் பத்திரிகை எதுவும் அத்தனை வருஷம் தாக்குப் பிடித்திருக்குமா? முதல் வக்கீல் நோட்டீஸிலேயே மன்னிப்புக் கேட்டு ஓடியிருக்கும். என் கட்சிக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள்.

ஒலிப்பெட்டி:
ஜெயித்தது எதனால் என்று தெரியுமா? வேண்டுமென்றே பொய் எழுதினார்கள் என்று நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். எழுதியது சரி என்று உச்ச நீதிமன்றம் எங்கேயும் சொல்லவில்லை.

சுருதிபேதம்:
தப்பாக எழுதுவது வேறு, விலைபோவது வேறு. தப்பாக எழுதினால் திருத்தலாம். காசு கொடுத்து வாங்கினார்களா, இல்லையா? அங்கே வாங்கினார்கள். உங்கள் பத்திரிகைகளில்?

மூன்றாம் காது:
ஆடியோவோடு நிற்கிற விஷயமில்லை இது. 2007ல் கேம்ஸ்பாட் என்ற வீடியோ கேம் விமர்சனத் தளத்தில் விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் 'கேன் அண்ட் லிஞ்ச்' விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு போட்டார். அப்போது அந்தத் தளம் முழுக்க அதே விளையாட்டின் விளம்பரம். ஆள் வேலையை விட்டு நீக்கப்பட்டார். அதற்கு இந்த விவகாரமும் ஒரு காரணம் என்று 2012ல் அவரே வெளிப்படையாகப் பேசினார். விளம்பரப் பிரிவு வேறு, ஆசிரியர் குழு வேறு என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய வால்வு:
வீடியோ கேமுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம், அவர் ஆறு போட்டது வெளியில் வந்ததா இல்லையா? வந்தது. நான் சொன்னதும் அதுதானே.

மூன்றாம் காது:
வந்தது சரி, ஆள் போனாரே! மறுநாள் அந்த நாற்காலியில் உட்காருபவர் ஆறு போடுவாரா, எட்டு போடுவாரா?

பழைய வால்வு:
யூகத்துக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது.

சுருதிபேதம் ஐயாவுக்கு ஒரு வரலாறு. ஸ்டீரியோஃபைலை 1962ல் ஆரம்பித்த கார்டன் ஹோல்ட், விளம்பரம் பத்திரிகையை வளைக்கிறது என்று வெறுத்துப்போய்த்தான் ஆரம்பித்தார். கம்பெனி விளம்பரம் வேண்டாம் என்றார். என்ன ஆயிற்று? சொன்ன தேதிக்கு இதழ் வரவே வராது. சந்தா கட்டியவர்கள் காத்துக் கிடந்தார்கள். பின்னால் விளம்பரம் வாங்கத்தான் வேண்டியிருந்தது. கருவி ஒவ்வொன்றையும் சொந்தக் காசில் வாங்க வேண்டுமென்றால், அதற்கான சந்தாவை நீங்கள் கட்டுவீர்களா?

சுருதிபேதம்:
ஆக, காசு கொடுத்து வாங்கவில்லை. இத்தனை சுற்று சுற்றி வந்து அதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

இன்னொன்றும் சொல்கிறேன். விமர்சனம் அச்சுக்குப் போகும் முன்பே கம்பெனிக்கு அனுப்பி, கம்பெனியின் பதிலை அதே இதழில் போடும் வழக்கம் உங்கள் ஸ்டீரியோஃபைலில் உண்டு. பரீட்சைத் தாளைத் திருத்திய வாத்தியார், மார்க் போடும் முன் பையனின் அப்பாவிடம் காட்டிவிட்டு வருவதுபோல.

பழைய வால்வு:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பதில் போடுவது எதற்கு? தகவல் பிழை இருந்தால் வாசகர் இரண்டு பக்கத்தையும் பார்க்கட்டும் என்றுதான். தீர்ப்பை மாற்றுவதற்கு இல்லை. எதைச் செய்தாலும் குற்றம் என்றால் என்னதான் செய்வது?

ஒலிப்பெட்டி:
இங்கே குதிக்கும் சுருதிபேதம், போன வருஷம் தன் டிஏசியை (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) விற்கும்போது "பத்திரிகையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது" என்றுதான் விளம்பரம் போட்டார். வாங்கியவன் நான். வாங்குகிறவர்களுக்கு ஒரு நியாயம், விற்கிறவருக்கு ஒரு நியாயமா?

சுருதிபேதம்:
விற்ற பொருள் நல்ல பொருள். இன்றுவரை ஓடுகிறதா, இல்லையா? தனிப்பட்ட விஷயத்தை இழுப்பதிலேயே தெரிகிறது, பதில் இல்லை என்று. பத்திரிகையை நம்பாதே, உன் காதை நம்பு என்பதுதான் அன்றும் இன்றும் என் பேச்சு. அந்த டிஏசியையும் என் பழைய டிஏசியையும் மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் நல்லது என்று சொன்னேன்.

மூன்றாம் காது:
மாற்றி மாற்றிக் கேட்டபோது இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்தினீர்களா? அரை டெசிபல் கூடினாலே காதுக்கு அது "தெளிவு" என்றுதான் படும், சத்தம் என்று படாது. மீட்டர் வைத்து 0.1 டெசிபலுக்குள் கொண்டுவராமல் ஒப்பிட்டால், பத்திரிகைக்காரன் எழுதுவதற்கும் நீங்கள் எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்?

சுருதிபேதம்:
நான் யாரிடமும் விளம்பரம் வாங்கவில்லை. வித்தியாசம் அதுதான்.

மூன்றாம் காது:
சமப்படுத்தினீர்களா, இல்லையா?

சுருதிபேதம்:
இழையின் தலைப்பு அது இல்லை. அடுத்த இதழ் வரட்டும். விமர்சனப் பக்கம், அளவீட்டுப் பக்கம், விளம்பரப் பக்கம் மூன்றையும் வரிசையாக எடுத்துப் போடுகிறேன். அப்போது 'வால்வு' வந்து அந்தக் கருவியைக் காசு கொடுத்து வாங்கினார்களா என்று சொல்லட்டும்.

பழைய வால்வு:
போடுங்கள். இந்த முறை அளவீட்டுப் பக்கத்தை முழுதாகப் போடுங்கள், என் வரியை வெட்டியதுபோல் வெட்டாமல். அதுவரை 'மூன்றாம் காது' கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். ஒலியளவைச் சமப்படுத்தினீர்களா?