வேன் கூரை ஒழுகல்: புதுப்பிப்பு

கோத்தகிரி மழையில் எங்கள் கேம்பர் வேனின் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதி உள்ள வேன்) கூரை ஒழுகுகிறது, சிலிக்கான் பூசியும் படுக்கை மேல் சொட்டுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இப்போது நின்றுவிட்டது. அதைப் படித்துத் தார் ஊற்றச் சொன்ன அண்ணன் மட்டும் கோபிக்க வேண்டாம்.

சொட்டிய இடத்துக்கு மேலே ஓட்டையே இல்லை! வேனைச் சரிவில் முன்பக்கம் தாழ்ந்திருக்கும்படி நிறுத்துவது வழக்கம். பின்பக்கக் கூரையில் பொருத்திய காற்றாடிச் சட்டத்தின் விளிம்பில் நுழைந்த தண்ணீர், உட்கூரைப் பலகைக்கு மேலாகவே நான்கடி ஓடி வந்து விளக்குத் துளை வழியாக இறங்கியிருக்கிறது. மனைவி ஏணியில் நின்று குவளை குவளையாக, தாழ்ந்த பக்கத்திலிருந்து மேல்நோக்கி ஊற்றிக்கொண்டே போக, நான் உள்ளே டார்ச்சுடன் மல்லாந்து படுத்துக் கண்டுபிடித்தேன்.

பழைய சிலிக்கான் மேல் புதியதைப் பூசியதுதான் என் முட்டாள்தனம். அதன் மேல் எதுவும் சரியாக ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதையும் எடுக்க அரை நாள் ஆனது. இரண்டு நகம் போனது தனிக்கதை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்து, திருகுகளை எதிரெதிராக இறுக்கினேன். பிதுங்கியதை நறுக்கிவிட்டு, திருகுத் தலைகள் மேல் பாலியூரித்தேன் சீலண்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) பூசினேன். அதற்குக் கூரைத் தகடு காய்ந்திருக்க வேண்டுமே. ஐப்பசியில் அதற்கு எங்கே போவது? தார்ப்பாய் கட்டி இரண்டு நாள் காத்திருந்தேன். வெயில் தாங்க சீலண்ட் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டும், இன்னும் அடிக்கவில்லை.

காலையில் உட்கூரையில் இப்போதும் ஈரம் பூத்திருக்கிறது. அது மழை அல்ல, இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சு. சன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் குறைகிறது, குளிர்தான் கூடுகிறது.