மார்பைத் திரும்ப அமைக்கிற ஒப்பரேஷன் செஞ்ச ஆக்கள் இருக்கீங்களா?

கல்முனையில இருந்து என்ட மச்சாளுக்காகக் கேக்குறன். புற்றுநோய்க்கு இடப்பக்க மார்ப முழுசா எடுத்து ரேடியேஷனும் முடிஞ்சிட்டு, இப்ப பிராவுக்குள்ள லேஞ்சிய மடிச்சு வச்சுத்தான் வேலைக்குப் போறா, குனிஞ்சா அது மேல ஏறி வந்திரும், பாவம் சால்வைய இழுத்து இழுத்து மறைக்கணும். சிலிக்கன் இம்ப்ளான்ட் வைக்கலாம், ஆனா ரேடியேஷன் குடுத்த இடத்துல அது இறுகிப்போற சான்ஸ் கூட எண்டு டொக்டர் சொன்னார், அதால அடிவயித்துத் தோலையும் கொழுப்பையும் எடுத்து ரத்தக்குழாயோட இணைச்சு செய்றது நல்லமாம், இல்லாட்டி முதுகுத் தசை. மற்றப் பக்கத்தையும் சின்னனாக்கி அளவு சரிப்படுத்தலாமாம். வயித்துல எடுத்துச் செஞ்ச அக்காமார் யாரும் இருந்தா சொல்லுங்க, தண்ணி வாளி தூக்க எவ்வளவு காலம் போச்சு, சீனி வருத்தம் இருந்தா காயம் ஆறுமா, மட்டக்களப்புலயே செய்றாங்களா கொழும்புக்குத்தான் போகணுமா? இந்த வயசுல என்ன அழகு எண்டு கேக்குற ஆக்கள் தயவுசெஞ்சு கொமென்ட் பண்ண வேணாம். இன்பொக்ஸ்ல வந்தாலும் சரி.