கெண்டைக் குளத்தில் செந்திட்டும் வயிறு வீக்கமும்: மருந்தில் தொடங்குவதா, தண்ணீரில் தொடங்குவதா?

கேள்வி

வணக்கம். ஏறத்தாழ 1 ஏக்கர் பரப்பும் சராசரியாக 1.2 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் கலந்து வளர்க்கிறேன். எடை பார்ப்பதற்காக வலை இழுத்த சில நாட்களிலேயே மீன்கள் தீவனத்துக்கு வருவது குறைந்தது. இப்போது காலையில் கரையோரம் செத்து மிதப்பவற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ரோகு மீன்களில் துடுப்புகளின் அடிப்பகுதியும் மலத்துவாரமும் சிவந்து, வயிறு உப்பி, செதில்கள் நிமிர்ந்து நிற்கின்றன. கட்லாவிலோ முதுகுத் துடுப்பைச் சுற்றி வெளிறிய திட்டும், செவுளில் மஞ்சள் கலந்த பழுப்புப் படலமும் தெரிகின்றன. சுட்ட சுண்ணாம்பைத் தூவிவிட்டு, உடனே ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிப் பொடியைக் கரைத்துக் குளத்தில் ஊற்றும்படி மருந்து விற்பவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில் 1

இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஆக்ஸிடெட்ராசைக்ளின் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்து செயலற்றுப் போகும் மருந்து; சுண்ணாம்பு போட்ட குளத்தில் அதைக் கரைத்து ஊற்றுவது பணத்தைக் கரைத்து ஊற்றுவதுதான். சுட்ட சுண்ணாம்பு அதைவிட ஆபத்தானது. அது பி.எச். அளவை, அதாவது தண்ணீரின் காரத்தன்மையைச் சட்டென்று உயர்த்தும். உயர்ந்தால் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் அம்மோனியாவின் பெரும்பகுதி நச்சு வடிவத்துக்கு மாறிவிடும்.

நீங்கள் சொல்லும் குறிகளில் இரண்டு நோய்கள் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது. சிவப்பும் வயிற்று நீரும் நிமிர்ந்த செதிலும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா போன்ற பாக்டீரியா இரத்தத்தில் கலந்ததைக் காட்டும். முதுகுத் திட்டும் செவுள் படலமும் ஃபிளேவோபாக்டீரியம் கொலும்னேர் உண்டாக்கும் கொலும்னாரிஸ் நோயைச் சேர்ந்தவை. ஏரோமோனாஸ் எல்லா நன்னீரிலும் எப்போதும் இருப்பது. வலையில் செதில் உரிந்து, கோழை நீங்கி, மீன் தளர்ந்த நேரம் பார்த்துத்தான் அது உள்ளே புகும். ஆகவே கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடுவதைவிட, மீன் ஏன் இப்போது தளர்ந்தது என்று பார்ப்பதே பயன் தரும். விடியுமுன் கரைந்த ஆக்சிஜன், காலையிலும் பிற்பகலிலும் பி.எச்., மொத்த அம்மோனியா ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். துடுப்பு மடிப்புகளில் மீன் பேன் என்ற ஒட்டுண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது கடித்த புண்களும் பாக்டீரியாவுக்கு வாசலாகும்.

கேட்டவர்

அளந்துவிட்டேன். விடியுமுன் ஆக்சிஜன் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். பி.எச். காலையில் 7.6, பிற்பகலில் 9. மொத்த அம்மோனியா லிட்டருக்கு 1.2 மில்லிகிராம், தண்ணீரின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். தண்ணீர் அடர்பச்சையாக இருக்கிறது. மீன் பேன் இல்லை. வெளிநோய்க்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார்.

பதில் 2

மேலே கேட்ட அளவுகளே பாதிக் கதையைச் சொல்லிவிட்டன. 30 டிகிரியில் பி.எச். 7.6 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் சுமார் 3 விழுக்காடுதான் நச்சு வடிவில் இருக்கும். அதாவது உங்கள் குளத்தில் லிட்டருக்கு 0.04 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே தண்ணீர் பிற்பகலில் பி.எச். 9ஐத் தொடும்போது அந்தப் பங்கு 45 விழுக்காட்டை நெருங்கி, 0.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது. காலையில் மட்டும் சோதிப்பவர்கள் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நம்பி ஏமாறுவது இதனால்தான். விடியலில் மூச்சுத் திணறலும் பிற்பகலில் அம்மோனியா நஞ்சும் மாறி மாறித் தாக்கினால் எந்த மீனுக்கும் எதிர்ப்பாற்றல் நிற்காது.

தீவனத்தை 2 நாட்களுக்கு முழுவதும் நிறுத்துங்கள். நள்ளிரவிலிருந்து சூரியன் நன்றாக ஏறும்வரை ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) ஓடட்டும். விடியலில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் கிடைப்பதே இலக்கு. நல்ல நீர் கிடைத்தால், அடித்தண்ணீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றிவிட்டு அதை நிரப்புங்கள். செத்த மீன்களை நாளுக்கு இருமுறை அரித்தெடுத்துச் சுண்ணாம்போடு ஆழப் புதையுங்கள். அந்த வலையை வேறு குளத்தில் இறக்காதீர்கள்.

பெர்மாங்கனேட் கொலும்னாரிஸ் போன்ற வெளிநோய்க்கு உதவும், இரத்தத்தில் கலந்த ஏரோமோனாஸை அது தொடாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் உங்கள் குளத்துக்கு ஏறக்குறைய 10 கிலோ வேண்டும். ஆனால் அடர்பச்சைத் தண்ணீரில் பாசியும் சகதியும் அதை விழுங்கிவிடும்; பாசி ஒரேயடியாகச் செத்தால் ஆக்சிஜன் இன்னும் சரியும். 2.4 மில்லிகிராமில் நிற்கும் குளத்தில் நான் அதைப் போடமாட்டேன்.

பதில் 3

பெர்மாங்கனேட்டை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆக்சிஜன் தேறிய பிறகு, காலை வேளையில், ஏரேட்டர் ஓடும்போது போடலாம். முதலில் வாளித் தண்ணீரில் வெவ்வேறு அளவுகளைக் கலந்து, எந்த அளவில் செந்நிறம் 8 மணி நேரமாவது நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியம், நோயை உறுதிசெய்வது. செவுளைச் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், மெல்லிய நீளக் கோல்கள் வளைந்து ஊர்ந்து, வைக்கோல் போர் போலக் குவிந்து நிற்பது தெரியும். கொலும்னாரிஸுக்கு அந்தக் காட்சி பெரும்பாலும் போதும். ஏரோமோனாஸுக்கு, நிலைதடுமாறி நீந்தும் உயிருள்ள மீன்கள் சிலவற்றை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், சிறுநீரகத்திலிருந்து வளர்த்தெடுக்கச் சொல்லுங்கள். செத்த மீனைக் கொடுக்காதீர்கள். செத்த சில மணி நேரத்தில் குடலிலுள்ள ஏரோமோனாஸ் எல்லா உறுப்புகளுக்கும் பரவிவிடுவதால், எதனால் செத்த மீனிலும் முடிவு ஏரோமோனாஸ் என்றே வரும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேட்டவர்

சிறுநீரகத்தில் ஏரோமோனாஸ் உறுதியாகியுள்ளது. ஆக்ஸிடெட்ராசைக்ளினுக்கு அது கட்டுப்படவில்லை, ஃப்ளோர்ஃபெனிகால் என்ற வேறொரு நுண்ணுயிர்க்கொல்லிக்குக் கட்டுப்படுகிறது. இதற்கிடையில் தீவனத்தை நிறுத்தி ஏரேட்டரை ஓட்டியதில் சாவு பாதியாகக் குறைந்திருக்கிறது. இனி மருந்து தேவையா?

பதில் 2

சாவு தொடர்ந்து இறங்கினால் மருந்தே வேண்டாம். தீவன மருந்து இரை எடுக்கும் மீனுக்குத்தான் போய்ச் சேரும். வயிறு உப்பி ஒதுங்கிய மீன் அதைத் தின்னாது. குறைவது நின்றுவிட்டால், மீன் மருத்துவரின் சீட்டோடு, ஒரு கிலோ மீன் எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் ஃப்ளோர்ஃபெனிகால் 10 நாட்கள் கொடுப்பது வழக்கம். உடல் எடையில் 2 விழுக்காடு தீவனம் தின்னும் மீனுக்கு ஒரு கிலோ தீவனத்தில் அரை கிராம் வரும். மீன் 1 விழுக்காடுதான் தின்கிறது என்றால் ஒரு கிராம் கலக்க வேண்டும். பொட்டலத்தில் மருந்தின் உண்மையான விழுக்காடு எவ்வளவு என்று பார்த்துக் கணக்கிடுங்கள், எண்ணெயில் பிசிறித் தீவனத்தில் பூசுங்கள், தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். மருந்து உடலிலிருந்து நீங்க உங்கள் நாட்டு விதி குறிக்கும் நாட்கள் முடியும்வரை அறுவடை கூடாது. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உணவு மீனில் அவை பல நாடுகளில் தடை செய்யப்பட்டவை.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை அணிந்தே அந்த மீன்களைத் தொடுங்கள். ஏரோமோனாஸ் மனிதர் புண்ணிலும் ஏறும். அடுத்த முறை எடை பார்க்க வெயில் ஏறுமுன், ஆனால் ஆக்சிஜன் தேறிய பிறகு, முடிச்சில்லாத வலையைக் குளத்தின் ஒரு மூலையில் மட்டும் இழுத்தால் போதும்.