ஒஹாயோவில் கஞ்சாவுக்கு அனுமதி உண்டு, விசாவில் இருக்கும் நமக்குக் கிடையாது

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் பக்கம் புதிதாக வந்திறங்கும் தம்பி தங்கைகள் வீடு, கார், மளிகைக் கடை எல்லாம் விசாரித்து முடித்தபின் கொஞ்சம் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, இங்கே கஞ்சா சட்டப்படி சரிதானாமே?" இந்த வாரம் மட்டும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். எஃப்-1 (மாணவர்), எச்-1பி (வேலை), எல்-1 (கம்பெனி மாற்றல்), எச்-4 (எச்-1பிகாரர் குடும்பம்), கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி), எதில் இருந்தாலும் முழுசாகப் படியுங்கள்.

2023 நவம்பர் 7, தீபாவளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. அன்றுதான் 'இஷ்யூ 2' என்ற பெயரில் இந்தக் கேள்வி ஒஹாயோ மக்களின் வாக்குக்கு வந்தது. நூற்றுக்கு 57 பேர் ஆம் என்றார்கள். 2015இல் வேறொரு வடிவில் வந்த கஞ்சா யோசனையைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்த அதே மாநிலம். அந்த டிசம்பர் 7 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 6 அன்று கடைகளில் விற்பனை தொடங்கியது. 21 வயதானவர் இரண்டரை அவுன்ஸ், அதாவது சுமார் 70 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம், வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம் என்றது அந்தச் சட்டம். சட்டமன்றம் பின்னால் திருத்தக்கூடிய வகைச் சட்டம் இது. எப்படித் திருத்தினாலும் நம் நிலைமை மாறப்போவதில்லை.

ஏன் என்றால், மக்கள் வாக்களித்து மாற்றியது மாநிலச் சட்டத்தை மட்டும்தான். விசா, கிரீன் கார்டு, குடியுரிமை மூன்றும் ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின் கையில் இருக்கின்றன. ஃபெடரல் சட்டத்தில் கஞ்சா 1970 முதல் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அதை ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்கு மாற்றுகிறார்கள் என்ற செய்தியைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தப் பட்டியலில் இருந்தாலும் குடியேற்ற அதிகாரிக்கு அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான்.

இதில் பலருக்கும் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. போலீஸ் பிடிக்க வேண்டும், கோர்ட்டு தண்டிக்க வேண்டும் என்றெல்லாம் அவசியமில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரி கேட்டு, நீங்கள் வெள்ளந்தியாக "ஆமாம், ஒஹாயோவில்தான், அங்கே சரிதானே" என்று விவரமாக ஒப்புக்கொண்டால், அதையே காரணமாக வைத்து உள்ளே விட மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் அப்படியே. மாநிலத்தில் அனுமதி இருந்தாலும், கஞ்சா பயன்படுத்தியதோ அந்தத் தொழிலில் வேலை பார்த்ததோ குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை எழுத்திலேயே சொல்லிவிட்டது. ஆகவே ஓபிடியில் (எஃப்-1 மாணவர்கள் படிப்பை ஒட்டி வேலை பார்க்கும் அனுமதி) இருக்கும் பிள்ளைகள் 'டிஸ்பென்சரி' என்று போட்டிருக்கும் கம்பெனியின் டேட்டா வேலைக்கோ கணக்கு வேலைக்கோ கைநீட்டும் முன் நன்றாக யோசியுங்கள். நம் ஊரில் டிஸ்பென்சரி என்றால் மருந்து கொடுக்கும் இடம். இங்கே அது பெரும்பாலும் கஞ்சாக் கடை.

கடைக்கே போகாதவர்களுக்கும் ஒரு வழியாக இது வந்து சேரும். போன வருடம் எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்த தம்பிக்குப் பிறந்தநாள். ஆபீஸ் நண்பர்கள் பரிசுப் பை கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் கொட்டினான்: காபித் தூள், ஒரு குவளை, அப்புறம் பளபளவென்று ஒரு சின்ன கம்மி பாக்கெட். சர்க்கரை தூவிய ஆரஞ்சு நிறத் துண்டுகள், நம்ம ஊர் ஜெல்லி மிட்டாய் மாதிரியே. என் ஏழு வயது மகள் கை நீட்டிவிட்டாள். என் மனைவி சட்டென்று வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பொடி எழுத்தில் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்), ஒரு துண்டுக்கு 10 மில்லிகிராம். கொடுத்தவர்கள் அன்பாகத்தான் கொடுத்தார்கள், இங்கே பலர் ஒரு பாட்டில் வைன் கொடுப்பதுபோல இதைக் கொடுக்கிறார்கள். அன்றிலிருந்து பார்ட்டியில் பிரவுனி, கம்மி, சாக்லேட் எது வந்தாலும் "இதில் என்ன இருக்கு?" என்று கூச்சப்படாமல் கேட்கிறோம். நீங்களும் கேளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் கேளுங்கள்.

வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. இஷ்யூ 2 வந்த பிறகும் கம்பெனி போதைப்பொருள் பரிசோதனை வைக்கலாம், வேலையை விட்டு அனுப்பலாம். எச்-1பியில் வேலை போனால், வேறு வேலை தேடவோ கிளம்பவோ கையில் இருப்பது அதிகபட்சம் 60 நாள்.

நீண்ட வாரக்கடைசியில் நயாகரா போய்க் கனடா பக்கம் பார்க்கக் கிளம்புபவர்கள் காரை ஒருமுறை முழுக்கப் பாருங்கள், கூட வருபவர் பையையும் சேர்த்து. கனடாவில் 2018 முதல் அனுமதி, இந்தப் பக்கம் நியூயார்க்கிலும் அனுமதி. ஆனால் எல்லையைத் தாண்டி எடுத்துப்போவது இரண்டு நாட்டிலும் குற்றம்.

அடுத்தது வாக்கு. இதையும் கேட்கிறார்கள், "அண்ணா, அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் நாமும் ஓட்டுப் போடலாமா?" கூடாது. கிரீன் கார்டு இருந்தாலும் கூடாது. லைசென்ஸ் எடுக்க பிஎம்வி (இங்குள்ள ஆர்டிஓ அலுவலகம் மாதிரி) கவுன்ட்டரில் நிற்கும்போது வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்பார்கள். எனக்கும் கேட்டார்கள். பின்னால் நீண்ட வரிசை, அந்தம்மா வேகமாகக் கேட்டதில் பாதி புரியவில்லை, எதற்கும் "யெஸ்" என்று தலையாட்டும் நிலையில் இருந்தேன். நல்லவேளையாகத் திருப்பிக் கேட்டேன். குடிமகன் என்று தவறாகக் குறித்துவிட்டால் அதைத் துடைப்பது மிக மிகக் கடினம், நாடு கடத்தல் வரை போகும். "நான் சிட்டிசன் இல்லை" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடும் முன் தாளை ஒருமுறை படியுங்கள்.

ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்திவிட்டேன் என்று பயத்தோடு தனியாக எழுதியவருக்கு: பதற வேண்டாம். ஆனால் ஊருக்கு டிக்கெட் போடும் முன், எந்த விண்ணப்பத்தையும் அனுப்பும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள், அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். கம்பெனி வழக்கறிஞர் வேண்டாம், அவர் கம்பெனிக்கும் சேர்த்து வேலை செய்பவர். சொந்தமாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரியிடம் பொய் சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது தனிக் குற்றமாகச் சேரும். ஃபோனில் அந்தப் பார்ட்டிப் படங்கள் இருந்தால் அதையும் வழக்கறிஞரிடமே சொல்லிக் கேளுங்கள்.